சம்மாந்துறையில் செய்வித்த தொழுகைக் கதிரை: மூன்று மாதப் பாவனைக்குப் பின்

நிந்தவூரிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து, அம்பாறை வீதியில் திரும்பி, மாவடிப்பள்ளி வயல்வெளியைத் தாண்டிச் சம்மாந்துறைக்குள் நுழைந்தால், உள்வீதியொன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. கதவு, யன்னல், கட்டில் என்பவையே அங்கு பிரதான வேலை. கேட்டு வருபவர்களுக்கு, தரையில் தொழ இயலாதவர்களுக்கான தொழுகைக் கதிரையும் செய்து கொடுக்கிறார்கள். கடந்த நோன்பில் அங்கு ஒன்று செய்வித்து, மூன்று மாதங்களாக அதைக் கொண்டே தொழுது வருகிறேன். விலை 16,500 ரூபா. இதைவிடக் குறைந்த விலைக்குப் பளபளப்பான மடிப்புக் கதிரை கடையில் கிடைக்கும்போது மரக்கதிரை எதற்கு என்று என் மச்சான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் உடல்நிலையைச் சொல்லாமல் இந்தக் கதிரையை மதிப்பிட முடியாது. எனக்கு வயது 66; விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். இடது முழங்கால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. நிற்கவும் நடக்கவும் குனிந்து ருகூஉ செய்யவும் என்னால் முடியும். முழங்காலை மடித்துத் தரையில் ஊன்ற மட்டும் முடியாது; எப்படியோ ஊன்றிவிட்டாலும் யாராவது தூக்கிவிடாமல் எழும்ப முடியாது. நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகளின் மீது ஸுஜூது (சிரம்பணிதல்) செய்யுமாறு தாம் ஏவப்பட்டதாக நபியவர்கள் கூறியதை இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். என்னுடைய ஏழில் ஒன்று முரண்டு பிடித்ததில் மற்ற ஆறும் தரையை மறந்துவிட்டன.

முதல் எட்டு மாதங்களும் பள்ளிவாசலில் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரையில்தான் தொழுதேன். ஆரம்பத்தில் நின்று தக்பீர் கட்டி (தொழுகையைத் தொடங்கி), நின்றே பாத்திஹா ஓதி, ருகூஉவையும் நின்று முடித்து, ஸுஜூதுக்கு மட்டும் அமர்ந்தேன். அந்தக் கதிரையின் இருக்கை தாழ்வானது. போதாததற்குப் பின்பக்கம் சரிந்தும் இருக்கும். அதிலிருந்து எழும்ப வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ள வேண்டும். தள்ளினால் கைப்பிடி வளையும், கால்கள் டைல்ஸ் தரையில் விரியும். ஒருநாள் அஸர் தொழுகையில் மூன்றாவது ரக்அத்துக்கு (தொழுகைச் சுற்றுக்கு) எழும்பும்போது கதிரை பின்னால் வழுக்கிச் சென்றது. பின் ஸப்பில் (வரிசையில்) நின்ற இளைஞர் தொழுகையில் இருந்தபடியே என் தோளைத் தாங்கிப் பிடித்தார். அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. முதலில் கடைசி இரண்டு ரக்அத்துகளை இருந்து தொழுதேன். ஒரு மாதத்துக்குள் தக்பீர் முதல் ஸலாம் வரை எல்லாவற்றையும் இருந்தே தொழுபவனாகிவிட்டேன். பள்ளிவாசலுக்கு அரைக் கிலோமீற்றர் நடந்து வந்து, உளூச் செய்யும் இடத்தில் நின்றபடி நாட்டு நடப்பெல்லாம் பேசிவிட்டு, தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னதும் போய் உட்கார்ந்துகொள்வேன். இதில் ஏதோ பொருந்தவில்லை என்று எனக்கே பட்டது.

ஷாபிஈ மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) பர்ளு எனும் கடமையான தொழுகைக்கு நிற்பது ஒரு ருக்னு, அதாவது விட முடியாத அங்கம். ஸுஜூது செய்ய முடியாது என்பதற்காக நிற்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. எந்த ருக்னை நிறைவேற்ற முடியவில்லையோ அதற்குத்தான் சலுகை, முடிந்ததை முடிந்தபடியே செய்தாக வேண்டும். ஹனபி மத்ஹபில் ஸுஜூது செய்ய இயலாதவருக்கு நிற்பது கடமையாகாது என்பதால், அந்த மத்ஹபைப் பின்பற்றுபவர் முழுவதையும் இருந்து தொழுவதைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் இருந்தும், அதற்கும் இயலாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழும்படி நபியவர்கள் கூறியதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஒவ்வொரு சலுகைக்கும் முன்னால் 'இயலாவிட்டால்' என்ற நிபந்தனை நிற்கிறது. அந்தச் சொல்லை என் விடயத்தில் முழங்கால் தீர்மானிக்கவில்லை, ஒரு பிளாஸ்டிக் கதிரை தீர்மானித்துக்கொண்டிருந்தது.

சம்மாந்துறைப் பட்டறையில் நான் கதிரை வேண்டும் என்றதும் ஓடாவி (தச்சர்) கேட்ட முதல் கேள்வி, "சேர், நீங்க நிண்டு தொழுறீங்களா, முழுக்க இரிந்தே தொழுறீங்களா?" என்பதுதான். அதற்கு முன் நான் ஏறி இறங்கிய இரண்டு கடைகளிலும் நிறத்தைக் கேட்டார்கள், பணமா அட்டையா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. நிற்க முடியும், எழும்பத்தான் பயம் என்றேன். அங்கு கிடந்த ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். முடியவில்லை. முக்காலியின் மேல் ஒரு பலகையை வைத்துவிட்டு மறுபடியும் எழும்பச் சொன்னார். இன்னொரு பலகை, மறுபடியும். மூன்றாவது பலகையில் கையை லேசாகத் தொடையில் வைத்ததுமே எழும்பிவிட்டேன். அந்த உயரத்தை அளவு நாடாவால் பார்த்துக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினார்: 19 அங்குலம். அந்தச் சுவர் முழுவதும் அப்படிப்பட்ட இலக்கங்கள் இருந்தன. பக்கத்தில் பெயர் கிடையாது, 'இடது', 'வலது', 'ரெண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

இருக்கை உயர உயர முழங்கால் மடியும் அளவு குறைகிறது. உடம்பை மேலே தூக்கத் தொடைத் தசை செய்யும் வேலையும் குறைகிறது. இது நான் வகுப்பில் நெம்புகோலை விளக்கியபோது பலமுறை சொன்ன விடயம்தான். என் சொந்தக் காலுக்கு அதைப் பொருத்திப் பார்க்க ஓர் ஓடாவி தேவைப்பட்டார்.

இனிக் கதிரையைப் பற்றி. மகோகனி மரம், பொருத்துகளில் ஆணியை நம்பாமல் துளையில் கட்டையைச் செருகிப் பசையிட்டு இறுக்கியிருக்கிறார். இருக்கை 19 அங்குல உயரம், 15 அங்குல ஆழம், முன்பின் சரிவில்லாத சமதளம். முன்னங்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் கிடையாது, அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எழும்பும்போது பாதங்களை இருக்கைக்குக் கீழே சற்று உள்ளிழுத்துக்கொண்டால் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேல் வந்துவிடும். பாதம் முன்னால் நீண்டிருந்தால் எவ்வளவு பலசாலியும் திணறத்தான் வேண்டும். கடையில் நான் பார்த்த மடிப்புக் கதிரையில் சரியாக அந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாய் குறுக்கே ஓடியது. உட்கார்ந்து பார்த்தபோது மெத்தென்று இருந்தது. எழும்பிப் பார்த்தபோது குதிகால் குழாயில் இடித்தது.

கைப்பிடிகள் இருக்கையின் முன்விளிம்பையும் தாண்டி ஓர் அங்குலம் நீண்டு, நுனியில் மண்வெட்டிப் பிடிபோல உருண்டு முடிகின்றன. உள்ளங்கை அதில் நன்றாக அமர்கிறது. தொழுகையில் எதையும் பிடித்து ஊன்றி எழும்பலாமா என்று தயங்குபவர்களுக்காக ஒரு செய்தி: நபியவர்களுக்கு வயதேறி உடல் கனத்தபோது தொழுமிடத்தில் ஒரு தூணை வைத்து அதில் ஊன்றிக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரழி) அறிவிப்பது அபூதாவூதில் இருக்கிறது. கைப்பிடிகளின் வெளி அகலம் 23 அங்குலம் என்பதால் பக்கத்தில் நிற்பவரின் தோளை அது தள்ளுவதில்லை. பின்னங்கால்கள் வெளிப்புறம் விரியாமல் நேராக இறங்குகின்றன. இது அழகுக்காக அல்ல, பின் ஸப்பில் ஸுஜூது செய்பவரின் தலைக்காக.

ஒரு விடயத்தில் ஓடாவி என் பேச்சைக் கேட்கவில்லை. கதிரைக்கு முன்னால் நெற்றி வைக்க ஒரு சிறு பலகையும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். படங்களில் அப்படிப் பார்த்திருந்தேன், பள்ளிக்கூட மேசைபோல நேர்த்தியாக இருந்தது. "பலகை அடிக்கிறது எனக்குப் பெரிய வேலயில்ல சேர். மௌலவிட்ட ஒருக்காக் கேட்டுட்டு வாங்க, பொறகு அடிப்பம்" என்றார். எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. கேட்டதைச் செய்து தருவதற்கு என்ன. ஆனாலும் போய்க் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில் ஸுஜூது நிறைவாக வேண்டுமென்றால் பின்புறம் உயர்ந்து தலை தாழ்ந்திருக்க வேண்டும். கதிரையில் அமர்ந்தபடி நெஞ்சுக்கு நேரே உள்ள பலகையில் நெற்றியை வைப்பதால் அந்த நிலை வந்துவிடாது. அதற்கு இயலாதவர் முடிந்தவரை குனிந்து சைகை செய்தாலே அவருடைய ஸுஜூது நிறைவேறிவிடுகிறது, பலகை அதில் எதையும் கூட்டுவதில்லை என்று மௌலவி விளக்கினார். தலையணையின் மேல் தொழுத ஒரு நோயாளியைக் கண்டபோது நபியவர்கள் அதை எடுத்து எறிந்துவிட்டு, முடிந்தால் தரையில் தொழும்படியும், இல்லாவிட்டால் ஸுஜூதை ருகூஉவை விடத் தாழ்த்திச் சைகை செய்யும்படியும் கூறியதாக ஜாபிர் (ரழி) வழியாக பைஹகீயில் வரும் செய்தியையும் சொன்னார். அது நபியவர்களின் சொல்லல்ல, ஜாபிரின் சொல்லே என்று கருதிய ஹதீஸ் அறிஞரும் உண்டு என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மார்க்கச் சட்டம் ஒருபுறம் இருக்க, பலகை இல்லாததன் பலனை முதல் நாளே உணர்ந்தேன். முன்னால் எதுவும் தடுக்காததால் நெஞ்சு தொடையைத் தொடுமளவுக்கு என்னால் குனிய முடிகிறது. எழும்பவும் முதலில் தலையை முன்னால் கொண்டுபோக வேண்டும். பலகை இருந்திருந்தால் அதில்தான் முட்டியிருப்பேன்.

எண்ணிக்கையில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாளின் பர்ளு 17 ரக்அத்துகள், ஸுஜூதுகள் 34. என்னைப்போல நின்று தொழுது ஸுஜூதுக்கு மட்டும் அமர்பவர் நாளொன்றுக்கு 17 தடவை உட்கார்ந்து, ஒவ்வொரு தொழுகையின் கடைசி ரக்அத்தையும் கழித்தால் 12 தடவை தொழுகைக்குள்ளேயே எழும்புகிறார். முழங்காலுக்குப் பயிற்சி சொல்லித் தந்தவர் கதிரையில் இருந்து எழும்புவதையே நாளுக்குப் பத்துத் தடவை செய்யும்படி கூறியிருந்தார். நான் அந்தத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் இருந்த இடத்திலேயே தொழுததில் தொடைத் தசை வற்றிப்போயிருந்தது என்பது, புதுக் கதிரையின் முதல் வாரத்தில் லுஹர் தொழுதுவிட்டுக் கால் நடுங்கியபோதுதான் புரிந்தது. இப்போது நடுக்கம் இல்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், தரையில் ஊன்ற இன்றும் முடியாது. நான்காவது ரக்அத்துக்கு எழும்புவதைப் பற்றி மூன்றாவது ரக்அத்திலேயே கவலைப்படுவது மட்டும் நின்றுவிட்டது.

கதிரை வந்த புதிதில் என் ராத்தாவுக்கும் (அக்காவுக்கும்) ஒன்று செய்விக்க எண்ணி அவரையும் முச்சக்கர வண்டியில் அழைத்துச் சென்றேன். அவருக்கு வயது 74, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர், சற்று நேரம் நின்றாலே தலை சுற்றும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கதிரையில்தான் இரண்டு வருடங்களாகத் தொழுதுவந்தார். ஓடாவி அவரிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். கீழே இருந்து மீன் வெட்டுவீங்களா உம்மா, முழங்கால் நோகுமா? ராத்தா சிரித்துக்கொண்டே, இன்று காலையிலும் கீழே குந்தியிருந்துதான் அரிவாள்மணையில் மீன் வெட்டிவிட்டு வந்ததாகவும், முழங்காலில் ஒரு வருத்தமும் இல்லை என்றும் சொன்னார். அப்படியென்றால் கதிரை எதற்கு, பாயில் இருந்து தொழலாமே என்று ஓடாவி கையை விரித்தார்.

அவர் சொன்னதில் இருந்த நியாயம் வீடு வந்து சேரும்வரை என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ராத்தாவால் நிற்கத்தான் முடியாது, ஸுஜூது தாராளமாகச் செய்ய முடியும். கப்பலில் நிற்பவருக்குத் தலை சுற்றினால் இருந்து தொழலாம் என்று ஷாபிஈ மத்ஹப் நூல்கள் கூறுகின்றன. வீட்டுக்குள் தலை சுற்றுபவருக்கும் அதுவே காரணம். ஆனால் அந்தச் சலுகை நிற்பதற்குப் பதிலாக இருப்பதற்கு மட்டுமே. கதிரையில் ஏற்றி வைத்து, செய்யக்கூடிய ஸுஜூதையும் இரண்டு வருடங்களாகச் சைகையாக்கிவிட்டோம். வயதானவர் என்றவுடன் கதிரை ஒன்றை இழுத்துப் போடுவதை மரியாதை என்று நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எப்படியோ வந்துவிட்டது. கதிரைக்குப் பதிலாக, பாயிலிருந்து எழும்பும்போது பிடிப்பதற்குச் சுவரில் ஒரு மரக்கைப்பிடி ஓடாவி பொருத்தித் தந்தார், 1,200 ரூபா. ராத்தா இப்போது பன் பாயின் மேல் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரித்து, இருந்து தொழுது, நெற்றி தரையில் பட ஸுஜூது செய்கிறார். முதல் நாள் ஸுஜூதிலிருந்து தலையைத் தூக்க நெடுநேரமானது. மயங்கிவிட்டாரோ என்று பயந்து நான் கதவருகே போய் நின்றேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவையல்ல. நோன்புக்கு முன்னர் தருவதாகச் சொன்ன கதிரை ஒன்பதாம் நோன்பன்றுதான் கைக்கு வந்தது. இடையில் நான்கு தடவை தொலைபேசி எடுத்தேன், நான்கு தடவையும் "வார்னிஷ் காயுது சேர்" என்ற ஒரே பதில். அந்த வார்னிஷ் வாடை இரண்டு வாரம் போகவில்லை. பாரம் 11 கிலோ. என்னால் தூக்க முடியாது. பள்ளிவாசலுக்கு என் பேரன் கொண்டுபோய் வைத்ததால் பிரச்சினை தீர்ந்தது, தினமும் கொண்டுபோய்க் கொண்டுவர நினைப்பவர் இந்தக் கதிரையை மறந்துவிடலாம். கால்களுக்கு மாட்டிய றப்பர் மூடிகள் இருபது நாளுக்குள் கழன்றுவிட்டன. எழும்பும் பயத்துக்காகவே கதிரை செய்பவர் இதில் கவனக்குறைவாக இருந்தது எனக்கு ஏமாற்றம்தான். பிறகு திருகாணி வைத்து இறுக்கித் தந்தார், பணம் வாங்கவில்லை. இருக்கையில் ஒட்டிய றெக்சின் வெயில் காலத்தில் சாரனோடு ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டு, மருதமுனைக் கைத்தறித் துணியில் மெல்லிய மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். பற்றுச்சீட்டு கிடையாது, கேட்டால் சுவரைக் காட்டுகிறார்.

எந்தக் கதிரையாலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலும் இருக்கிறது. நின்று தொழுபவரின் குதிகால்கள் ஸப்பிலுள்ள மற்றவர்களின் குதிகால்களோடு நேராக இருக்க வேண்டும். அப்போது கதிரை முழுவதும் பின்னால் போய்விடும். எங்கள் உள்பள்ளியில் கம்பளக் கோடுகளுக்கு இடையே நான்கடி இருக்கிறது. அதில் ஒன்றரை அடியை என் கதிரை எடுத்துக்கொண்டால் பின்னால் இருப்பவர் எங்கே நெற்றியை வைப்பார்? ஆகவே ஸப்பின் ஓரத்தில், சுவரை ஒட்டி, எனக்குப் பின்னால் எவரும் நிற்காத இடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இருந்தே தொழுபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவருடைய உடம்பு ஸப்போடு நேராக இருந்தால் போதும், கதிரையின் பின்னங்கால்களைக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். இமாமுக்கு நேர் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அசைய மறுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஊரில் நிம்மதியாக இருக்க வேண்டும்.

நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகையில் மட்டும் ஓடாவியின் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. 20 ரக்அத்துகளில் முதல் எட்டை நின்றும் மீதியை இருந்தும் தொழுதேன். ஸுன்னத்தான (கடமையல்லாத) தொழுகையில் நிற்க முடிந்தவரும் இருந்து தொழலாம், நன்மை பாதி. இந்தக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அவ்வளவு சுகமாக இல்லை என்பதையும் அப்போதுதான் கண்டேன். முதுகுச் சாய்வு செங்குத்தாக இருக்கிறது. ஓடாவியிடம் சொன்னதற்கு, சாய்ந்து இருக்கும் கதிரை வேண்டுமென்றால் அது வேறு விலை என்றார்.

என் கதிரையைப் பார்த்துவிட்டு எங்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர், பிளாஸ்டிக் கதிரைகளுக்குப் பதிலாக இதேபோல ஆறு கதிரைகள் செய்து தரும்படி பட்டறைக்குச் சொல்லியனுப்பினார். ஆறும் ஒரே அளவில் செய்ய ஓடாவி சம்மதிக்கவில்லை; பாவிக்கப்போகும் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். இதுவரை நான்கு பேர் போய் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கதிரை தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மற்ற இருவரும் வயற்காரர்கள். சிறுபோக வெள்ளாமை வெட்டு முடிந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.